சாங்ஷன் ஆர்டர் வந்த அன்று நான் படிக்காமல் விட்ட பக்கங்கள்

எங்கள் துறை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 28 பிளாஸ்டிக் பாட்டில்கள் இன்னமும் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் தண்ணீர். மூடியில் மார்க்கரால் எழுதிய தேதிகள் எல்லாம் 2022 ஜூலை, ஆகஸ்ட். சேர்வராயன் மலைச் சுனைகளில் குடை பிடிக்க ஆளில்லாமல் நனைந்துகொண்டே பிடித்து வந்தவை. இன்றைக்கு அவற்றால் காலணாப் பயன் கிடையாது. லேப் அண்ணன் ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதெல்லாம் "கொட்டிடட்டுமா மேடம்?" என்று கேட்பார். "இருக்கட்டும்ணா" என்று சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர். மத்திய அரசின் நிதி அமைப்பு ஒன்றிடமிருந்து மூன்று வருடப் புராஜெக்ட் ஒன்று கிடைத்தது. 39 லட்சம் ரூபாய். எங்கள் கல்லூரியில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு பெரிய தொகை வந்ததில்லை, அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. புரொபோசல் எழுதுவது எப்படி என்று மாதத்துக்கு நாலு பயிலரங்கம் நடக்கிறது. கிடைத்த பணத்தை எப்படிச் செலவு செய்வது, எப்படிக் கணக்குக் காட்டுவது என்று நான் போன ஒரு பயிலரங்கத்திலும் யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமும் கொஞ்சம் பணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் இன்னும் பல சிற்றூர்களில் சுனைத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். அந்த மலையில் ஒரு காலத்தில் பாக்சைட் வெட்டினார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றைக்கும் மலை முழுக்க இருக்கிறது. காபிச் செடிக்கு இலைத்துரு நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தம் என்றால் தாமிரம். இதெல்லாம் மழையோடு சுனைக்கு எவ்வளவு இறங்குகிறது, எந்த மாதத்தில் அதிகம் இறங்குகிறது, கூடவே ஈயம், நிக்கல் ஏதும் இருக்கிறதா என்று மூன்று வருடம் பார்ப்பது என் திட்டம். முதன்முதலில் மலைக்குப் போனபோது நாகலூர் பக்கம் ஒரு சுனையில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா கண்ணு?" என்று கேட்டார். "பரிசோதனை பண்ணிட்டு வந்து சொல்றேன் பாட்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2021 டிசம்பரில் சாங்ஷன் ஆர்டர், அதாவது பணம் ஒதுக்கியாயிற்று என்ற அனுமதிக் கடிதம், மெயிலில் வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர், தலைப்பு, தொகை. அழுகையே வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்கு மொத்தமாகத் தட்டு வடை செட் வாங்கிக் கொடுத்தேன். பிரின்சிபால் போட்டோ எடுத்து நாளிதழ்காரர்களுக்கு அனுப்பச் சொன்னார். அந்த ஆர்டருக்குப் பின்னால் இன்னும் சில பக்கம் நிபந்தனைகள் இருந்தன. அவற்றை நான் மூன்று மாதம் கழித்துத்தான் படித்தேன். என் கஷ்டத்துக்குப் பாதிக் காரணம் இது. வேறு யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது? பணம் இரண்டு ஹெட்டில், அதாவது இரண்டு கணக்குத் தலைப்பில், வருகிறது என்று இருந்தது. ஒன்று கேபிடல், கருவி வாங்க மட்டும். இன்னொன்று ஜெனரல்: புராஜெக்ட் ஆளின் மாதச் சம்பளம், கெமிக்கல், கண்ணாடிச் சாமான், பயணம், சில்லறைச் செலவு, நிர்வாகச் செலவுக்கென்று கல்லூரிக்குப் போகும் ஓவர்ஹெட் எல்லாம் அதில் அடங்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. கருவியில் மிச்சமானால் கெமிக்கல் வாங்க முடியாது, கெமிக்கலில் மிச்சமானால் கருவிக்குச் சேர்க்க முடியாது. வீட்டில் மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து கேஸ் வாங்கிப் பழகிய நமக்கு இது உடனே மண்டையில் ஏறாது. பட்ஜெட் போடும்போதே இதை நினைவில் வைத்துப் போடுங்கள். நான் போட்டபோது கருவிக்கு அன்றைய கொட்டேஷன் விலையை அப்படியே, ஒரு ரூபாய்கூடத் தள்ளி வைக்காமல் எழுதியிருந்தேன். குறைத்துக் கேட்டால் கமிட்டிக்குப் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு.

கருவி என்றால் அணு உறிஞ்சல் நிறமாலைமானி. லேப்பில் எல்லோரும் ஏஏஎஸ் என்போம். தண்ணீரில் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும். அதில் சுடர் வைத்துப் பார்ப்பது ஒரு வகை. கிராஃபைட் ஃபர்னஸ் என்று கூடுதலாக ஒரு பாகம் மாட்டினால் அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாகப் பார்க்கலாம். எனக்கு ஃபர்னஸ் கட்டாயம் வேண்டும், காரணம் எளிது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500-ன்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சுடர் வைத்துப் பார்த்தால் அந்த அளவு ஈயம் இருக்கிறதா இல்லையா என்று நம்பிச் சொல்ல முடியாது. தாமிரத்துக்குச் சுடர் போதும், ஈயத்துக்குப் போதாது. கொட்டேஷனில் கருவி 13.5 லட்சம், ஃபர்னஸ் 6.5 லட்சம், ஆக 20 லட்சம். ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 21 லட்சம் கேட்டேன், 21 லட்சம் கொடுத்தார்கள்.

2022 பிப்ரவரியில் முதல் தவணை 27 லட்சம் கல்லூரிக் கணக்குக்கு வந்தது. கருவிக்கான 21 லட்சம் முழுசாக அதில் இருந்தது. எங்கள் கல்லூரியில் எது வாங்கினாலும் மூன்று கொட்டேஷன், குறைந்த விலைக்கு ஆர்டர், அவ்வளவுதான் வழக்கம். நானும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, ஃபைலை மேலே அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஆடிட்டர் அதைத் திருப்பிவிட்டார். அரசுப் பணத்தில் வாங்கினால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 பொருந்தும் என்றார். அன்றைக்கு அந்த விதிப்படி 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம். இரண்டரை லட்சம் வரை மூன்று பேர் கொண்ட கொள்முதல் கமிட்டி சந்தையில் விசாரித்து வாங்கலாம். அதற்கு மேல் போனால் டெண்டர். 25 லட்சம் வரை லிமிடெட் டெண்டர் போதும், ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும். மூன்று கொட்டேஷன் டெண்டர் ஆகாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆடிட்டர் சொன்னது சரி. அதை என்னிடம் டிசம்பரிலேயே சொல்ல ஒருவர் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

டெண்டர் போட்டேன். தொழில்நுட்பக் கவர் தனி, விலைக் கவர் தனி. கமிட்டி கூட ஒரு மாதம், செமஸ்டர் தேர்வு வந்ததால் இன்னொரு மாதம். ஜூன் கடைசியில் ஒரு கம்பெனி முடிவாகி, பர்ச்சேஸ் ஆர்டர் கையெழுத்துக்குப் போன நேரத்தில் டெல்லியிலிருந்து இன்னொரு மெயில். செலவாகாமல் இருக்கும் பணத்தை வட்டியோடு திருப்பி அனுப்பவும் என்று.

இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம், இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. மத்திய அரசுப் பணம் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேங்க் கணக்குகளில் சும்மா தூங்குவதைத் தடுக்க 2022-ல் முறையையே மாற்றினார்கள். முன்பு பணம் நம் கணக்குக்கு வந்து, நாம் செலவு செய்வோம். புதிய முறையில் நமக்கு வருவது பணமல்ல, லிமிட்: இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு. நம் பெயரில் ஒரு ஜீரோ பேலன்ஸ் கணக்கு, பிஎஃப்எம்எஸ் என்கிற மத்திய அரசின் பணப் பட்டுவாடாத் தளத்தில் ஒரு பதிவு. நாம் பில் போட்டு அனுமதித்தால் அந்த நொடியில் மையக் கணக்கிலிருந்து பணம் நேராகக் கடைக்காரருக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மாறுகிற நேரத்தில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம்.

ஜூலை முதல் வாரத்தில் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். புதுக் கணக்கு அவர்கள் சொன்ன பேங்கில்தான் தொடங்க வேண்டும். அந்த பேங்கின் கிளைக்கு நான் ஏழு தடவை போனேன். ஜீரோ பேலன்ஸ் துணைக் கணக்கு என்றால் அவர்கள் ஜன்தன் கணக்கு ஃபார்மை எடுத்து நீட்டினார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் கிளையில் அப்படி ஒரு கணக்கு அதுதான் முதல். கடைசியில் மெயிலில் வந்த சுற்றறிக்கையை அச்சடித்து, முக்கியமான வரிகளை மஞ்சள் மையில் கோடு போட்டு மேனேஜரிடம் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. நீங்கள் போகும்போது முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். பிஎஃப்எம்எஸ்ஸில் பதிவு செய்ய ஒருவர், அனுமதிக்க ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். அந்த இருவரும் அடிக்கடி லீவ் எடுக்காதவர்களாக, ரிட்டயர்மெண்டுக்கு மூன்று வருடமாவது பாக்கி உள்ளவர்களாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். எங்களில் அனுமதிக்கிறவர் அக்டோபரில் ஓய்வு பெற்றார். பெயர் மாற்ற ஐந்து வாரம்.

இதற்கு நடுவில் 2022 ஜூலை 18. ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை அன்றிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி 18 சதவீதம். என் 20 லட்ச ரூபாய்க் கருவி 21 லட்சத்திலிருந்து 23.6 லட்சமானது. கூடுதலாகத் தரும்படி எழுதிக் கேட்டேன். அனுமதித்த தொகைக்குள் முடித்துக்கொள்ளவும் என்று இரண்டு வரியில் பதில். கல்லூரியில் கேட்டேன், ஓவர்ஹெட் தொகையில் ஏற்கெனவே செமினார் ஹாலுக்கு நாற்காலி வாங்கியாயிற்று என்றார்கள். கம்பெனிக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தேன். பத்தாயிரம், இருபதாயிரம் குறைப்பார்கள். 2.6 லட்சம் யார் குறைப்பார்? வேறு வழியில்லாமல் ஃபர்னஸை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வாங்க முடிவானது. 13.5 லட்சம், வரியோடு 15.93 லட்சம். மிச்சம் 5.07 லட்சம் கேபிடல் ஹெட்டில் செலவாகாமல் நின்று, பிறகு அரசுக்கே திரும்பிப் போனது. ஃபர்னஸ் வாங்க 2.6 லட்சம் பற்றவில்லை, ஐந்து லட்சம் திரும்பிப் போயிற்று. இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கிறது.

இதெல்லாம் காகிதத்தில் நடந்துகொண்டிருக்க, மலையில் மழை. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் போன வருடம் அது. எங்கள் ஊருக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கினாலும் மழைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தின் முதல் பெரிய மழையில்தான் மண்ணில் தங்கியதெல்லாம் கழுவி இறங்கும். அந்தத் தண்ணீரைப் பிடிக்காவிட்டால் ஒரு வருடத் தரவு போச்சு. லிமிட் வரவில்லை, பயணச் செலவுக்குப் பணமில்லை என்று மழையிடம் சொல்ல முடியுமா? என் கைக்காசில் ஜீப் எடுத்தேன். அடிவாரத்தில் இருந்து ஒரு நடைக்கு 2,500 ரூபாய். 14 நடை, 35,000. டிரைவர் அண்ணன் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த பில்லை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு அதில் 21,000 ரூபாயை ஏற்க மறுத்துவிட்டார்கள். வண்டி எண் இல்லை, கிலோமீட்டர் இல்லை, முன் அனுமதி இல்லை. வாடகை வண்டி எடுத்தால் போன இடம், மீட்டர் தொடக்கம், முடிவு, வண்டி எண் நாலையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சின்ன விஷயம்தான். எனக்கு அது 21,000 ரூபாய்.

அந்த மழை நாட்களை இப்போது நினைத்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது. சுனைக்குக் கீழே பாசி வழுக்கும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நான்காவது முறை நிரப்ப வேண்டும். மேலே குமிழி இருக்கக் கூடாது. உடனே டிராப்பரில் நைட்ரிக் அமிலம் விட்டு, பிஎச் 2-க்குக் கீழே இறக்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புராஜெக்டில் சேர்ந்திருந்த ஓமலூர்ப் பொண்ணு குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் பிஎச் தாளும் இன்னொரு கையில் டிராப்பருமாக நிற்பாள். கை நடுங்கியது குளிரிலா பசியிலா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் அவளுக்கு ஜூலையிலிருந்து சம்பளம் வரவில்லை.

மாதம் 25,000, வீட்டு வாடகைப்படி சேர்த்து 29,000 என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்த்தேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய கணக்கிலிருந்து ஒழுங்காகக் கொடுத்தோம். பணத்தைத் திருப்பி அனுப்பியதும் நின்றுவிட்டது. "அடுத்த மாசம் வந்துடும்மா" என்று நானும் சொன்னேன், என்னிடம் ஆபீஸிலும் சொன்னார்கள். ஆவணியில் ஒருநாள் அவள் டிபன் பாக்ஸ் கொண்டுவரவில்லை, கேட்டதற்கு விரதம் என்றாள். அன்று சாயங்காலம் வளையல் ஆறு பவுனைக் கொண்டுபோய் நகைக்கடன் வைத்தேன். ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை மாதம் 15,000, மொத்தம் 90,000 அவளுக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கவர்ன்மெண்ட் புராஜெக்டுக்கு நாம ஃபண்டிங் பண்றோமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். புதிய முறையில் நீங்கள் கொடுத்த பணத்தை உங்கள் பெயருக்குத் திரும்ப எடுப்பது அநேகமாக நடக்காது. சம்பளப் பாக்கி வந்தால் அது அந்தப் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும். அவள் நல்ல பெண், மொத்தமாக வந்த அன்றே எனக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் புராஜெக்ட் ஆள் புராஜெக்டை நடத்துகிற பேராசிரியரின் கணக்குக்கு 90,000 அனுப்பினால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? சம்பளத்தில் கமிஷன் வாங்குகிறாள் என்றுதானே? எங்கள் துறையிலேயே ஒருவர் ஜாடையாகப் பேசினார். நல்லவேளையாக முதல் மாதமே "சம்பளம் வரும்வரை கைமாற்றாகத் தரப்பட்டது" என்று வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, நகலை பிரின்சிபாலுக்குக் கொடுத்திருந்தேன். அது மட்டும் இல்லாவிட்டால் என் மானம் கப்பலேறியிருக்கும். கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தால் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

சரி, பாட்டில்களுக்கு வருகிறேன். அமிலம் விட்டு வைத்த தண்ணீர் உலோகப் பரிசோதனைக்கு ஆறு மாதம் தாங்கும். அதற்கு மேல் வரும் எண்ணை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜூலையில் பிடித்தது ஜனவரியில் காலாவதி. லிமிட் வந்தது நவம்பர் கடைசியில், ஆர்டர் போனது டிசம்பரில், கருவி வந்து இறங்கியது 2023 மார்ச் 24. மொத்தம் 48 பாட்டில். ஜனவரி பிறந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, முக்கியமான 20 பாட்டிலை வெளியே ஒரு லேப்புக்கு என் செலவில் அனுப்பினேன். பாட்டிலுக்கு 1,200 வீதம் 24,000. அந்த லேப்பில் ஃபர்னஸ் இருந்ததால் ஈயமும் பார்த்துக் கொடுத்தார்கள். மீதி 28-க்கு என்னிடம் பணமில்லை.

கருவி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். மார்ச் 31 தாண்டினால் லிமிட் பூஜ்யம். பில் பாஸ் ஆக வேண்டுமானால் கருவி பொருத்தி ஓடுகிறது என்று சான்று வேண்டும். பொருத்துகிற என்ஜினீயர் பெங்களூரிலிருந்து 29-ஆம் தேதி வந்தார். அசிட்டிலீன் சிலிண்டர் வரவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு கடை ஏறி இறங்கினால், வெல்டிங்குக்குத் தருகிற கேஸ்தான் இருக்கிறது என்றார்கள். அது இந்தக் கருவிக்கு ஆகாது. லேப் அண்ணன் யாரிடமோ பேசி, இன்னொரு கல்லூரியிலிருந்து பாதி சிலிண்டரை டாட்டா ஏசில் ஏற்றிக் கொண்டுவந்தார். 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் சான்றில் கையெழுத்து. மூன்று மணிக்கு அனுமதிக்க வேண்டியவருக்கு ஓடிபி வரவில்லை. நாலு மணிக்கு வந்தது. நாலேகாலுக்குப் பணம் போனது. நான் அப்படியே லேப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை, கோட்டை மாரியம்மனிலிருந்து சேர்வராயர் வரைக்கும்.

கருவிக்கான ஆர்டரை எப்பாடுபட்டாவது செப்டம்பருக்குள் போட்டுவிடுங்கள் என்பேன். முன்னமே விவரக்குறிப்பு எழுதி, டெண்டர் ஆவணத்தைத் தயாராக வைத்திருந்தால் பணம் வந்த வாரமே அனுப்பலாம். சாங்ஷன் கடிதம் வந்ததற்கும் பணம் வந்ததற்கும் நடுவே எனக்கு இரண்டு மாதம் சும்மா இருந்தது. அதில்தான் எல்லாவற்றையும் கோட்டைவிட்டேன். அந்த இரண்டு மாதத்தில் டெண்டர் வேலையை முடித்திருந்தால் ஜூலை 18-க்கு முன்னாலேயே கருவியும் ஃபர்னஸும் சேர்ந்து வந்திருக்கும், ஜூலை மழையும் அதில் ஏறியிருக்கும்.

வந்த பணத்தை எதற்குச் செலவு செய்தோம் என்று காட்டுகிற பயன்பாட்டுச் சான்றிதழ், எல்லோர் வாயிலும் யூசி, அது தனிக் கதை. படிவம் 12-ஏ என்று ஒன்று. அதில் வட்டிக்குத் தனி வரி இருக்கிறது. கல்லூரிக் கணக்கில் ஐந்து மாதம் கிடந்த 27 லட்சத்துக்கு 30,000 சொச்சம் வட்டி வந்திருந்தது. அலுவலகத்தில் அதைக் கல்லூரி வருமானத்தில் சேர்த்துவிட்டார்கள். மானியப் பணத்தின் வட்டி இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குச் சொந்தம், அரசுக்குப் பணம் கட்டுகிற பாரத்கோஷ் தளத்தின் வழியாகக் கட்ட வேண்டும். பணத்தைத் திருப்பி அனுப்பியபோதே வட்டியும் போயிருக்க வேண்டும், போகவில்லை. யூசி திரும்பி வந்தது. அதைக் கல்லூரியிடமிருந்து பிடுங்கிக் கட்டுவதற்குள் அடுத்த தவணை நாலு மாதம் தள்ளிப்போனது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேங்க் ஸ்டேட்மெண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே வாங்கிப் பாருங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் மேடம்" என்பார்கள். பார்க்க மாட்டார்கள்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை செயல்படுகிறது, பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் அதற்குள் கரைந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு மூன்று வருடத்துக்கு 60 லட்சம் வரை தருகிற திட்டமும் இருக்கிறது. 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொள்முதல் வரம்பை ஏற்றினார்கள். கொட்டேஷன் இல்லாமல் 2 லட்சம், கமிட்டி வழியாக 25 லட்சம் வரை. என் கருவி இந்த விதியில் வந்திருந்தால் டெண்டரே வேண்டியிருக்காது. ஆனால் உங்கள் கல்லூரிக்கு அது பொருந்துமா என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் நம்புங்கள். ஆராய்ச்சி மானியத்துக்கே ஜிஎஸ்டி கட்டச் சொல்லி ஐஐடிகளுக்குக்கூட நோட்டீஸ் போன காலம் ஒன்று இருந்தது. அதற்கு 2024 அக்டோபரில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கருவி வாங்கும்போது கட்டுகிற ஜிஎஸ்டி வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

கணக்கைச் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. ஜீப்பில் 21,000, வெளி லேப்பில் 24,000, நகைக்கடன் வட்டியும் அலைச்சல் செலவும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வராதது ஏறக்குறைய 55,000. நேரம் என்று பார்த்தால் ஒரு முழு மழைக்காலம். இதைவிடப் பெரிய நஷ்டம் அந்த ஓமலூர்ப் பொண்ணு. சம்பளப் பாக்கி வந்த இரண்டாவது மாதம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் தரப் பரிசோதனை வேலைக்குப் போய்விட்டாள். பிஎச்டி பண்ணுவாள் என்று நினைத்திருந்தேன். போகிற அன்று, "மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருது மேம்" என்றாள். நான் என்ன சொல்ல?

பிறகு இன்னொரு பையன் சேர்ந்தான். 2023, 2024 இரண்டு மழைக்கும் ஒழுங்காகப் போனோம், தாமிரம் பார்த்தோம், கட்டுரையும் ஒன்று வந்தது. ஈயத்துக்கு வெளி லேப் எண்கள் அந்த 20 மட்டும்தான். புராஜெக்ட் முடிந்த பிறகு நாகலூர்ப் பக்கம் போனேன். அதே பாட்டி, கொஞ்சம் கூன் விழுந்திருந்தது, ஆனால் என்னை அடையாளம் தெரிந்தது. அவர் சுனையில் நாங்கள் பார்த்த உலோகங்கள் எதுவும் வரம்பைத் தாண்டவில்லை, மழைக்காலத்தில் மட்டும் கிருமி சேருகிறது, அப்போது காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"மழ நாள்ல நாங்க எப்பவும் காய்ச்சித்தான கண்ணு குடிக்கிறம்" என்றார்.

திரும்பி வரும்போது ஒரு சின்னப் பை நிறைய மிளகு கொடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மடியில் அது இருந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், முடிவறிக்கையில் 'திட்டத்தால் விளைந்த சமூகப் பயன்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.